குதிரைத்திறன் இருக்கட்டும் கண்ணு, ஸ்டீயரிங் என்ன போடுகிறாய்?

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, ஒரு டீயைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள். நடுவில் 1999-ல் நடந்த ஒரு விஷயத்தையும் எழுதியிருக்கிறேன். இருபத்தைந்து வருடமாக யாரிடமும் முழுதாகச் சொல்லாதது.

போன வாரம் என் மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். பெயர் வேண்டாம், அவனே கீழே வந்து சொன்னால் சொல்லட்டும். இருபது வருடமாகப் பனியன் கம்பெனி நடத்துகிறான். நிட்டிங்கில் ஆரம்பித்து இப்போது எக்ஸ்போர்ட் வரை வந்துவிட்டான். சரக்கு எல்லாம் தூத்துக்குடி துறைமுகம் வழியாகப் போவதால் அந்தப் பக்கம் அடிக்கடி போய்வந்து, அங்கேயே மகளுக்குச் சம்பந்தமும் பண்ணிவிட்டான்.

"ஏனுங்க சார், மாப்பிள்ளையும் நானும் சேர்ந்து ஒரு ஸ்பீடு போட் வாங்கலாம்னு இருக்கறோம். டூரிஸ்ட்டுங்கள ஏத்தறதுக்கு. 22 அடி பைபர் படகு, 12 பேர் உக்காரலாம். கொட்டேஷன் வந்திருக்குதுங்க. நீங்க ஒரு பார்வை பாருங்க சார்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "நொய்யல்ல கப்பல் ஓட்டின அனுபவம்னு என்னைக் கேக்கறியா கண்ணு?" என்றேன். "இல்லீங்க சார், நீங்கதான் எங்களுக்குப் பாஸ்கல் விதி நடத்தினீங்க, உங்களுக்குத்தான் புரியும்" என்றான். வாத்தியாரை மடக்க அவர் நடத்திய பாடத்தைவிட நல்ல ஆயுதம் கிடையாது.

கொட்டேஷனைப் பார்த்தேன். இரண்டு பக்கம். என்ஜினுக்கு மட்டும் அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். 115 குதிரைத்திறன் அவுட்போர்டு, எத்தனை சிலிண்டர், எத்தனை ஆர்.பி.எம். எல்லாம் விவரமாக. நான்கு ஸ்பீக்கர், அதற்கு பிராண்ட் பெயர். கலர் மாறும் எல்.இ.டி. விளக்கு எத்தனை அடி, ரெக்சின் சீட் என்ன நிறம். கடைசிக்கு முந்தைய வரியில் இப்படி இருந்தது: "ஸ்டீயரிங் மற்றும் கண்ட்ரோல் செட் – 1."

அவ்வளவுதான். என்ன வகை, யார் செய்தது, எத்தனை குதிரைத்திறன் வரை தாங்கும், ஒன்றும் கிடையாது. பன்னிரண்டு பேர் உயிரைத் தூக்கிக்கொண்டு ஓடப்போகிற பொருளில், ஓட்டுகிறவன் கை தொடும் பாகத்துக்கு ஒரே ஒரு வரி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகு வாங்குகிறவர்கள் என்ஜினுக்குப் பணத்தை ஒதுக்கி, மிச்சம் இருப்பதில் ஸ்டீயரிங் வாங்குகிறார்கள். இது தலைகீழ். யார் ஓட்டப்போகிறான், கெட்டுப்போனால் அந்தக் கரையில் யார் சரிசெய்வான், கெட்டுப்போகும் அந்த நிமிடத்தில் படகு என்ன செய்யும் என்ற மூன்று கேள்விக்கும் பதில் வாங்கி, ஸ்டீயரிங்கையும் லீவரையும் முடிவு செய்துவிட்டு, பிறகு என்ஜினுக்கு வரவேண்டும். குதிரைத்திறன் குறைந்தால் படகு மெதுவாகப் போகும். ஸ்டீயரிங் குறைந்தால் என்ன ஆகும் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த 1999 கதை.

ஒன்பதாம் வகுப்புச் சுற்றுலா. எந்த ஊர், எந்த நீர்த்தேக்கம் என்று சொல்லப்போவதில்லை. அதை நடத்தியவர்கள் இப்போது அங்கே இல்லை, பெயர் சொல்லி ஆகப்போவதும் ஒன்றுமில்லை. ஒரு மோட்டார் படகில் 14 பிள்ளைகள், நான், ஒரு டிரைவர். லைஃப் ஜாக்கெட் டிக்கெட் கொடுக்கும் அறையில் ஆணியில் மாட்டியிருந்தது. யாரும் எடுக்கச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பாதித் தூரம் போய் டிரைவர் இடப்பக்கம் வளைத்தார். வளைத்த ஸ்டீயரிங் திரும்பி வரவில்லை. அப்படியே இறுகிக்கொண்டது. படகு வட்டம் அடிக்க ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் முதலில் அது விளையாட்டு என்று நினைத்துக் கூச்சல் போட்டார்கள். டிரைவர் இரண்டு கையாலும் வளையத்தை இழுக்கிறார், நகரவில்லை. பிள்ளைகள் எல்லாம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். அவர் பதறிப்போய் வேக லீவரைப் பின்னுக்கு இழுத்தார். நடுவில் நியூட்ரலில் நிற்க வேண்டிய லீவர் நிற்காமல் ரிவர்ஸுக்குப் போய்விட்டது. என்ஜின் ஒரு உதறு உதறி நின்றுபோனது. ஒரு பையன் முன்னால் இருந்த கம்பியில் போய் மோதினான். புருவத்தில் மூன்று தையல்.

கரைக்கு இழுத்து வந்த பிறகு அந்த டிரைவர் நடுங்கிக்கொண்டே என்னிடம் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "கேபிள் ஒரு மாசமாவே இறுக்கமாத்தான் சார் இருந்துச்சு. சொல்லிட்டுத்தான் இருந்தேன்."

அந்தப் பையனின் அப்பாவிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "படகில் வழுக்கி விழுந்துட்டானுங்க" என்றேன். படகுக்காரர்கள் மேல் ஒரு புகார்க் கடிதம்கூட எழுதவில்லை. எழுதினால் அடுத்த வருடம் சுற்றுலாவுக்கு அனுமதி கிடைக்காதோ, தலைமையாசிரியர் என்னைக் கேள்வி கேட்பாரோ என்ற பயம். அந்த 14 பேரில் சிலர் இதைப் படிப்பீர்கள். புருவத்தில் தழும்பு உள்ளவனும் படிப்பான். தம்பி, நீ வழுக்கி விழவில்லை. இதை நான் அப்போதே உன் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு எந்தப் படகில் ஏறினாலும் முதலில் ஸ்டீயரிங்கைத்தான் பார்ப்பேன். முட்டுக்காடு, பிச்சாவரம், ஊட்டி, கன்னியாகுமரி என்று போன இடமெல்லாம் டிரைவர்களிடம் பேச்சுக் கொடுப்பேன். வீட்டுக்காரிக்கு இதில் சலிப்பு. "ஊர் சுத்திப்பாக்க வந்தீங்களா, மெக்கானிக் வேலைக்கு வந்தீங்களா?" என்பாள். அப்படிக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் மாணவனிடம் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. காருக்கும் படகுக்கும் பெரிய வித்தியாசம், படகுக்குப் பிரேக் கிடையாது. இன்னொன்று, அவுட்போர்டு மோட்டாரில் தனியாகச் சுக்கான் இல்லை. மோட்டாரே திரும்பி, விசிறி தண்ணீரைத் தள்ளும் திசையை மாற்றுகிறது. அதனால்தான் படகு திரும்புகிறது. விசிறி தள்ளாவிட்டால் திருப்பும் சக்தி ஏறக்குறைய போய்விடும். ஸ்கூட்டர் ஓட்டிப் பழகியவன் ஆபத்து என்றால் உடனே ஆக்சிலேட்டரை விட்டுவிடுவான். படகில் அப்படி விட்டால் நிற்கவும் நிற்காது, திரும்பவும் திரும்பாது, போன போக்கிலேயே போகும். ஆகவே ஸ்டீயரிங்கும் வேக லீவரும் இரண்டு சாமான் என்று நினைக்காதீர்கள். அது ஒரே சாமானின் இரண்டு கை.

இனி வகைகள்.

முதல் வகை, மோட்டாரின் கைப்பிடியை நேரடியாகப் பிடித்துத் திருப்புவது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை முழுக்கப் பைபர் படகுகள் பெருகின. அவற்றில் பெரும்பாலும் இப்படித்தான் பின்னால் உட்கார்ந்து கையால் திருப்புகிறார்கள். கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும். பழகாதவனுக்குக் குழப்பம், பழகியவனுக்கு உடம்பின் ஒரு பாகம். இடையில் கேபிள் இல்லை, எண்ணெய் இல்லை, கெட்டுப்போகப் பெரிதாக ஒன்றுமே இல்லை.

மாணவன் இதைத்தான் பிடித்துக்கொண்டான். "மீனவருங்க காலங்காலமா அப்படித்தானுங்க ஓட்டறாங்க, நாமளும் அதையே போட்டுட்டா என்னங்க சார்?" நியாயமான கேள்விதான். ஆனால் சின்ன மோட்டாருக்குத்தான் கை தாங்கும். 115 குதிரைத்திறனை நாள் முழுக்கக் கையால் பிடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும். அதோடு டிரைவர் பின்னால் உட்கார, முன்னால் 12 பேர் எழுந்து நின்று செல்ஃபி எடுத்தால் அவனுக்கு எதிரே என்ன வருகிறது என்று எப்படித் தெரியும்? மீனவர் படகில் இருப்பவர்கள் எல்லாம் கடல் அறிந்தவர்கள். சுற்றுலாப் படகில் கடல் அறிந்தவன் ஒருவன்தான், அவனுக்குப் பார்வை மறைக்கக்கூடாது.

இரண்டாம் வகை, கேபிள். சைக்கிள் பிரேக் வயரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது இழுக்க மட்டும்தான் செய்யும், தள்ளாது. படகு கேபிள் தடிமனானது, உள்ளே இருக்கும் கம்பி இழுக்கவும் செய்யும் தள்ளவும் செய்யும். வளையத்தைச் சுற்றினால் பல்சக்கரம் அந்தக் கம்பியை முன்பின் நகர்த்தும், மறுமுனை மோட்டாரைத் திருப்பும். விலை குறைவு, பூட்டுவது சுலபம். சின்னப் படகுக்கு, சுமாரான வேகத்துக்கு இது தாராளமாகப் போதும். நான் கேபிளுக்கு எதிரி இல்லை.

அதில் கவனிக்க வேண்டியது மூன்று. ஒன்று, விசிறி ஒரே பக்கமாகச் சுழல்வதால் படகு தானாகவே ஒரு பக்கம் இழுக்கும். சாதாரணக் கேபிளில் அந்த இழுப்பு முழுவதும் டிரைவர் கைக்கு வரும், கையை எடுத்தால் வளையம் தானே சுற்றிக்கொள்ளும். அந்த இழுப்பைத் தடுத்து நிறுத்தும் பூட்டு வைத்த வகையும் உண்டு. விலை கொஞ்சம்தான் கூட, அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு, நீளம். கேபிளைச் சரியாக அளக்காமல் வாங்கிவிட்டு, இடம் போதவில்லை என்று சுருட்டி வளைத்து அடைப்பார்கள். வளைவு கூடினால் உராய்வு கூடும், இது ஒன்பதாம் வகுப்பு. மூன்று, உப்பு. மோட்டாருக்குப் பக்கத்தில் கேபிளின் முனைத்தண்டு ஒரு குழாய்க்குள் போய்வரும். அந்தக் குழாயில் கிரீஸ் காய்ந்து, உப்பும் துருவும் ஏறினால் தண்டு மெல்ல மெல்ல இறுகும். ஒருநாள் காலையில் அப்படியே பிடித்துக்கொள்ளும்.

1999-ல் நடந்தது இதுதானா என்று நான் கழற்றிப் பார்க்கவில்லை. ஆனால் இறுகும் கேபிள் முன்கூட்டியே சொல்லிவிடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கனக்கும். அது கனக்க ஆரம்பித்தால் எண்ணெய் விட்டு இன்னும் ஒரு சீசன் ஓட்டலாம் என்று நினைக்கக்கூடாது. உள்கம்பியே கெட்டுப்போன கேபிளைப் பிரித்துச் சரிசெய்ய முடியாது, முழுதாக மாற்றத்தான் வேண்டும். டிரைவர் "இறுக்கமா இருக்குதுங்க" என்று சொன்ன அன்றைக்கே படகு கரையில் நிற்க வேண்டும்.

மூன்றாம் வகை, ஹைட்ராலிக். இங்கேதான் நம் பாஸ்கல் வருகிறார். அடைத்துவைத்த திரவத்தின் ஒரு இடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும். லாரி பஞ்சர் கடை ஜாக்கி, பஞ்சுப் பேல் கட்டும் பிரஸ், எல்லாம் இதே கதைதான். ஸ்டீயரிங் வளையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன பம்ப் இருக்கும். வளையத்தைச் சுற்றினால் எண்ணெய் குழாய் வழியாகப் போய் மோட்டார் பக்கத்தில் உள்ள சிலிண்டரைத் தள்ளும். நடுவில் உள்ள வால்வு, மோட்டார் பக்கத்து இழுப்பைத் திரும்பி வரவிடாது. குழந்தை சுற்றுகிற மாதிரி லேசாகச் சுற்றலாம். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நான்கைந்து சுற்று சுற்ற வேண்டியிருக்கும். அது கேபிளைவிடச் சற்று அதிகம், பழகிவிடும்.

இதற்கும் வியாதி உண்டு. குழாய்க்குள் காற்றுப் புகுந்தால் வளையம் சுற்றும், மோட்டார் உடனே கேட்காது. திரவத்தை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியது நினைவிருக்கிறதா? அதே காரணம். காற்றை வெளியேற்றத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் வேண்டும். சீல் தேய்ந்தால் எண்ணெய் கசியும். ஒரு பாட்டில் எண்ணெயும் ஒரு சீல் செட்டும் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும்.

நான்காவது, மின்சாரம். வளையத்துக்கும் மோட்டாருக்கும் நடுவில் வயர் மட்டும்தான். வளையம் எவ்வளவு திரும்பியது என்று சென்சார் சொல்லும், கம்ப்யூட்டர் மோட்டாரைத் திருப்பும். பெரிய படகுகளில் ஜாய்ஸ்டிக் வைத்து, பக்கவாட்டில்கூட நகர்த்திக் கரை அணைக்கிறார்கள். அருமையான வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் நம்ம ஊர்ப் பனியன் கம்பெனிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் போர்டு வைத்த வெளிநாட்டு மெஷின் ஒன்று வாங்கி, போர்டு போனதும் சர்வீஸ் ஆள் வரும் வரை தார்பாய் போட்டு மூடிவைத்த அனுபவம் எத்தனை பேருக்கு இருக்கிறது! பனியன் கம்பெனியில் மெஷின் நின்றால் ஷிப்மென்ட்தான் தள்ளிப்போகும். கடல் நடுவில் நின்றால்?

ஆக என் யோசனை: 22 அடி, 115 குதிரைத்திறன், உப்புத்தண்ணீர், தினமும் ஏழெட்டு மணி நேர ஓட்டம் என்றால் ஹைட்ராலிக். கேபிளும் இந்தத் திறனுக்குக் கிடைக்கும்தான். ஆனால் காலை முதல் மாலை வரை ஓட்டுகிறவனின் கை களைத்தால் அவன் கவனமும் களைக்கும். சம்பளத்துக்கு ஓட்டுகிற ஒருவனுக்காக நாம் பொருள் வாங்குகிறோம் என்பதை முதலாளிகள் மறக்கிறார்கள். ஓவர்லாக் டெய்லருக்குக் கிளட்ச் மோட்டாரை மாற்றி சர்வோ போட்டபோது கால்வலியும் குறைந்தது, ஆல்டரேஷனும் குறைந்தது என்று என்னிடம் சொன்னதே இந்த மாணவன்தான். அதே கணக்குதான் இங்கேயும்.

இன்னொரு விதி. ஸ்டீயரிங்கை இப்போது மாட்டப்போகும் என்ஜினுக்குப் பார்த்து வாங்காதீர்கள். அந்தப் படகின் உடல் அதிகபட்சம் எத்தனை குதிரைத்திறன் தாங்கும் என்று செய்தவர் குறித்திருக்கிறாரோ, அதற்குப் பார்த்து வாங்குங்கள். இரண்டு வருடத்தில் மாப்பிள்ளை பெரிய என்ஜின் மாற்றுவார். ஸ்டீயரிங்கை மாற்ற மாட்டார். அது மனித சுபாவம்.

அடுத்து லீவர். முன்னால் தள்ளினால் முன்கியர், நடுவில் நியூட்ரல், பின்னால் இழுத்தால் ரிவர்ஸ். கியரும் வேகமும் ஒரே கையில். இதில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று, நியூட்ரலில் லீவர் "டக்" என்று உட்கார வேண்டும். கைப்பிடிக்கு அடியில் ஒரு பட்டனோ வளையமோ இருக்க வேண்டும், அதை அழுத்தினால்தான் நியூட்ரலை விட்டு நகரவேண்டும். தெரியாமல் யாராவது இடித்தால் கியர் விழக்கூடாது. கியரில் இருக்கும்போது என்ஜின் ஸ்டார்ட் ஆகக்கூடாது, அதற்கான சுவிட்ச் வேலை செய்கிறதா என்று வாங்கும்போதே சோதிக்க வேண்டும். 1999-ல் அந்த லீவர் நியூட்ரலில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பையனுக்குத் தையல் இல்லை. என்ஜின் ஒரு கம்பெனி, லீவர் இன்னொரு கம்பெனி என்று சேர்த்தால் இரண்டும் பொருந்துமா என்று எழுத்தில் வாங்குங்கள். சிலதில் கேபிள் தள்ளினால் வேகம் கூடும், சிலதில் இழுத்தால் கூடும்.

இப்போது இந்தப் பதிவை எழுத வைத்த விஷயம். கொட்டேஷனில் இல்லவே இல்லாத ஒரு சாமான். சிவப்புக் கயிறு.

சுருள் சுருளாக, பழைய டெலிபோன் வயர் மாதிரி இருக்கும். ஒரு முனை லீவருக்குப் பக்கத்தில் உள்ள சுவிட்சில், மறுமுனை டிரைவரின் காலிலோ இடுப்பிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ. டிரைவர் தடுமாறித் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு என்ஜின் உடனே நின்றுவிடும்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க ஒரு நிமிடம் போதும். நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் என்ன ஆகிறது? விளக்கு எரிகிறது, மெஷின் தானே நிற்கிறது. நிற்காவிட்டால் துணி ஓட்டையாகிக் கீழே விழும். ஒரு நூலுக்கு இவ்வளவு பாதுகாப்பு வைத்திருக்கிறோம். டிரைவர் இல்லாத படகு நிற்க வேண்டாமா?

"விழுந்தா படகு போயிரும், நீந்தி வந்தர்லாம்" என்று நினைக்காதீர்கள். படகு போகாது, திரும்பி வரும். ஆள் இல்லாத ஸ்டீயரிங்கை விசிறியின் இழுப்பு ஒரு பக்கம் திருப்பிவிட, படகு வேகமாக வட்டமடித்து விழுந்தவர்கள் மேலேயே வரும். 2013 மே மாதம் இங்கிலாந்தில் கார்ன்வால் கடற்கரையில், பேட்ஸ்டோ என்ற ஊருக்கருகே இதுதான் நடந்தது. ஒரு குடும்பம், ஆறு பேர், அத்தனை பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். படகு வட்டமடித்து அவர்கள் மேல் ஏறியது. அப்பாவும் எட்டு வயது மகளும் இறந்துபோனார்கள். படகில் கயிறு இருந்தது, ஓட்டியவர் உடம்பில் மாட்டவில்லை. அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல், 26 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளை வேகமாக ஓட்டுகிறவர் இதை மாட்டித்தான் ஆகவேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

நம் பக்கமும் பாடம் குறைவில்லை. 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் ஜலகன்யகா படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2024 டிசம்பர் 18-ல் மும்பைத் துறைமுகத்தில் என்ஜின் சோதனையில் இருந்த கடற்படை வேகப்படகு ஒன்று, என்ஜின் கோளாறால் கட்டுப்பாடு இழந்து, எலிஃபென்டா தீவுக்குப் போய்க்கொண்டிருந்த நீல்கமல் என்ற பயணிகள் படகில் மோதியது. பத்துப் பேருக்கு மேல் உயிர் போயிற்று. பயிற்சி பெற்ற கடற்படையினர் கையிலேயே ஒரு படகு கட்டுப்பாட்டை இழக்கும் என்றால், நம் படகு எம்மாத்திரம்? 1917-ம் வருடச் சட்டத்தை மாற்றி உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021-ல் வந்திருக்கிறது. பதிவு, சர்வே, தகுதியான பணியாளர் என்று எல்லாம் அதில் இருக்கிறது. கடலோரப் படகுக்கு வேறு விதிகள். எந்தத் தண்ணீரில் ஓட்டினாலும் முறையாகச் சான்றிதழ் வாங்குங்கள். ஆனால் சான்றிதழ் வருடத்தில் ஒருநாள் பார்த்ததைச் சொல்கிறது. ஸ்டீயரிங் இன்று காலை எப்படி இருக்கிறது என்று டிரைவர்தான் சொல்ல முடியும். அவன் சொன்னால் கேட்கிற முதலாளி வேண்டும்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் மாணவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பட்ஜெட் எகிறுதுங்களே சார்" என்றான். "ஸ்பீக்கர் நாலை ரெண்டாக்கு, கலர் விளக்கை எடு, 115-க்குப் பதிலா அதைவிடச் சின்ன என்ஜின் போட்டாலும் டூரிஸ்ட் வேண்டாம்னு இறங்கிப் போயிட மாட்டான்" என்றேன். "சரக்கு லேட்டாகி ஏர்ல அனுப்பறப்ப ஒரு தடவைக்கு எவ்வளவு நட்டம்னு உனக்குத் தெரியும். அதுல ஒரு பங்குகூட ஆகாது கண்ணு" என்றேன். சிரித்தான். ஆனாலும் முடிவு சொல்லவில்லை. "மாப்பிள்ளைகிட்டப் பேசிட்டுச் சொல்றேனுங்க" என்றான். மாப்பிள்ளைக்கு ஸ்பீக்கர் மேல் ஆசை அதிகம் போலிருக்கிறது.

அவன் கேட்டதற்காகக் கொட்டேஷன் கொடுத்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி அனுப்பினேன். வேறு யாருக்காவது உதவும் என்பதால் இங்கேயும் போடுகிறேன்.

1. ஸ்டீயரிங் என்ன வகை, எத்தனை குதிரைத்திறன் வரை? எழுத்தில் வேண்டும்.

2. அந்தக் கரையில் அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் யார்? உதிரிபாகம் எத்தனை நாளில் வரும்?

3. டிரைவர் உட்கார்ந்தாலும் நின்றாலும், வேகம் எடுக்கும்போது படகின் மூக்கு தூக்கினாலும், முன்னால் தண்ணீர் தெரிகிறதா? டிரைவரையே உட்கார வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

4. லீவர் நியூட்ரலில் பூட்டிக்கொள்கிறதா? கியரில் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கிறதா?

5. சிவப்புக் கயிறு இருக்கிறதா? மாற்றுக் கயிறு ஒன்று தனியாக இருக்கிறதா? டிரைவர் தண்ணீரில் விழுந்தால், மீதிப்பேரில் ஒருவர் அந்த மாற்றுக் கயிற்றை மாட்டித்தான் என்ஜினை எடுத்து அவரைத் தூக்கப் போக முடியும்.

6. ஸ்டீயரிங் போய்விட்டால் அடுத்து என்ன? துடுப்பு இரண்டு, நங்கூரம் ஒன்று, போன் நனையாமல் வைக்க ஒரு பை. இது கொட்டேஷனில் இருக்காது, நீங்கள்தான் வைக்க வேண்டும்.

படகு வாங்காத மற்றவர்களுக்கு, அதாவது உங்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும், ஒரே ஒரு வேண்டுகோள். பொங்கல் லீவில் குழந்தை குட்டிகளோடு எங்காவது ஸ்பீடு போட்டில் ஏறுவீர்கள். ஏறும் முன் லைஃப் ஜாக்கெட் கேளுங்கள். ஏறியதும் டிரைவரைப் பாருங்கள், சிவப்புக் கயிறு அவர் உடம்பில் மாட்டியிருக்கிறதா, அல்லது ஸ்டீயரிங்கிலேயே சுற்றித் தொங்குகிறதா என்று. தொங்கினால், "அண்ணா, அதைக் கொஞ்சம் மாட்டிக்குங்க" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொள்வார்கள். முறைத்தால் இறங்கிவிடுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும்.

கடைசியாக வாத்தியார் புத்தியில் ஒரு வார்த்தை. மாலுமி என்ற சொல் நம் தமிழுக்கு அரபியிலிருந்து வந்தது என்பார்கள். அரபியில் முஅல்லிம் என்றால் ஆசிரியர். கப்பலுக்கு வழிகாட்டுகிறவரையும் அந்தக் காலத்தில் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். 14 பிள்ளைகளைப் படகில் ஏற்றிய அன்று அந்த இரண்டு பொறுப்பும் எனக்கு இருந்தது. ஜாக்கெட் கேட்கவில்லை, ஸ்டீயரிங்கைப் பார்க்கவில்லை, பிறகு உண்மையையும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

அந்தப் படகில் இருந்தவர்கள் கீழே எழுதுங்கள். உங்களுக்கு என்ன நினைவிருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். கொட்டேஷன் அனுப்பியவனும் முடிவை எழுதட்டும், மாப்பிள்ளையும் சேர்ந்தே படிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் வாத்தியார்